சுருளி விட்டுட்டுப் போன குதி

ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ. இப்படி ஆரம்பிக்கலேன்னா எனக்கு வாயே வராது, பழகிப்போச்சு. பாறைப்பேட்டையில கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுறது தவமணி சவுண்ட் சர்வீஸ்தான், அந்தத் தவமணி நான்தான். ஆனா என் தொண்டை எதுக்காகப் பொறந்துச்சுன்னு கேட்டா, மலையடிவாரத்துல இருக்கிற எங்க பொம்பளப் புள்ளைக காலேஜுல பாஸ்கெட்பால் மேட்ச் நடக்கையில மைக்கைப் புடிச்சுக்கிட்டு, "இதோ வருகிறார், பந்தைத் தட்டிக்கொண்டே வருகிறார், தடுப்பவர் யார், தடுப்பவர் யாருமில்லை"ன்னு கத்துறதுக்காகத்தான் பொறந்துச்சு. அதனால நான் சொல்றதுல சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், பொறுத்துக்கிடணும். பொய் இருக்காது.

விசயத்துக்கு வர்றேன். சுருளீஸ்வரி கோயமுத்தூர் காலேஜுக்கு மாறிப் போன மறுநாள் சாயங்காலம், வெயில் மலைக்குப் பின்னால எறங்குற நேரம், ஆளே இல்லாத கோர்ட்டுல, மேற்கால இருக்கிற ரிங்குக்குக் கீழ லேசாப் புழுதி கெளம்புச்சு, மேல நெட்டு ஒரு ஆட்டம் ஆடுச்சு, பெறகு "தொம்"முனு ஒரு சத்தம் தரையில எறங்குச்சு. காலேஜு வாசல்ல கடலை வறுத்துக்கிட்டிருந்த மூக்கம்மா அக்கா கரண்டிய நிறுத்தாமலே எட்டிப் பாத்துட்டு, "இது நம்ம சுருளி குதியில்ல? அடிப் பாவிப்புள்ள, விட்டுட்டுப் போயிருச்சே"ன்னு சொல்லிச்சு. பஸ்ஸுல குடைய விட்டுட்டுப் போனவளைப் பத்திச் சொல்ற மாதிரிதான் சொல்லிச்சு. நானும் பாத்தேன். அந்தக் குதிய அவ இங்க இருந்த காலம் பூராம் மைக்குல கூவுனவன், எனக்குத் தெரியாதா? கெளம்புறப்ப ஒரு சின்னத் தயக்கம், அப்புறம் ஒரே தூக்கு, மேல போயி ஒரு நொடி நின்னு, எறங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு, பெறகு எறங்கும். அவளோடதேதான், சந்தேகமே இல்ல.

அவ எப்படி வந்தா, ஏன் போனான்னு சொல்லலேன்னா உங்களுக்கு வெளங்காது. எங்க காலேஜு பி.டி. மேடம் பேரு அமலோற்பவம், புள்ளைகளுக்கு அமலி மேடம். கழுத்துல விசில், வலது முட்டியில எலாஸ்டிக் பட்டை, வாயில எப்பவும் ஒரு திட்டு. பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சதும் தமிழ்நாட்டுல இருக்கிற அத்தனை காலேஜு கோச்சும் ஆள் புடிக்கக் கெளம்பிருவாங்க, பள்ளிக்கூட டோர்னமெண்ட் எங்கெங்க நடக்குதோ அங்கல்லாம் கலர் கலராப் பனியன் போட்டுக்கிட்டு வேலியோரமா நிப்பாங்க, வளத்தியான புள்ள ஒண்ணு தண்ணி குடிக்க வந்தாப் போதும், ஒருத்தர் பாட்டில நீட்டுவார், ஒருத்தர் துண்ட நீட்டுவார். பெரிய காலேஜுக ஏசி ஜிம்மு இருக்குங்கும், மேட்சுக்கு பிளேன்ல கூட்டிட்டுப் போவோம்ங்கும். எங்க மேடத்துக்கிட்ட என்ன இருக்கு? ஃபீஸ் இல்லாத சீட்டு, ஹாஸ்டல்ல ஒரு கட்டில், தெனம் ரெண்டு முட்டை, ஒரு சோடி ஷூ. அதனால அவங்க கார் போகாத ஊராப் பாத்து ஸ்கூட்டியில போவாங்க. புள்ளகிட்டப் பேசவே மாட்டாங்க, மொதல்ல அம்மாகாரியோட தோள்பட்டையப் பாப்பாங்க, பெறகு அந்த வீட்டுல உக்காந்து சாப்புடுவாங்க. சாப்புட்டு ரெண்டாந்தடவை ரசம் கேட்டாங்கன்னா அந்தப் புள்ள எங்க காலேஜுன்னு அர்த்தம். ஒருதடவை தேங்காய் பழத்தோட போனதுல, பொண்ணு கேக்கத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சு அந்த வீட்டுல மாப்பிள்ளை போட்டோவக் கேட்டாங்க. மேடம் அசராம, "மாப்பிள்ளை இல்ல, ரிங்குதான் இருக்கு, பத்தடி ஒசரம்"னுட்டாங்க.

சுருளியப் புடிச்சது ஒரு திராட்சைத் தோட்டத்துல. மத்த பொம்பளைக முக்காலி போட்டு ஏறிக் கொத்து நறுக்குறாங்க, இவ முக்காலியே இல்லாம, எட்டாத கொத்தையெல்லாம் ஒரு குதி குதிச்சு, மேல இருக்கையிலேயே கத்திரிக்கோலால நறுக்கி, கொத்து தரையத் தொடுறதுக்குள்ள எடது கையில ஏந்திக்கிட்டு எறங்குறா, பழம் ஒண்ணு சிந்தல. மேடம் ஸ்கூட்டிய ஸ்டாண்டு போடாமலேயே எறங்கிட்டாங்க, அது பாட்டுக்கு வாய்க்கால்ல சாஞ்சிருச்சு. அன்னைக்கு அந்த வீட்டுல ரசம் மூணு தடவை கேட்டாங்களாம்.

ரெண்டு வருசம் அவளைச் சுத்தித்தான் டீமே கட்டுனாங்க. பந்து கொண்டு வர்றதுக்கு ஒருத்தி, தூரத்துல இருந்து எறியுறதுக்கு ஒருத்தி, வம்புக்கு நிக்கிறதுக்கு ஒருத்தின்னு ஒவ்வொரு ஊர்லயா தேடிப் பொறுக்கிச் சேத்தாங்க, எல்லாம் சுருளி மேல போயி எடுத்துக் குடுக்குற பந்துக்காக. அந்தக் கோர்ட்டு இருக்கே, அதுவும் மேடம் கட்டுனதுதான். கொத்தனாரோட நின்னு கலவை போட்டு, சிமெண்டு காயுறவரைக்கும் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் காலையும் சாயங்காலமும் தானே தண்ணி ஊத்தி வளத்த தரை அது. கல்யாணம் காச்சி பண்ணிக்கிடாத மனுசி. அந்தத் தரையத்தான் புள்ள மாதிரி நெனச்சாங்க.

அப்புறந்தான் கோயமுத்தூர்ல இருந்து கோச் ஜெயசீலன் வந்தாரு. குறை சொல்ல முடியாத மனுசன், ரொம்ப மெதுவாப் பேசுவாரு. மூணாம் வருசத்த எங்க காலேஜுல வந்து படிக்கட்டும், சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் நாங்க பாத்துக்கிடுறோம்னு மேடத்துக்கிட்டயே நேரா வந்து கேட்டாரு. மேடம் சுருளியப் பாத்தாங்க. இவ குனிஞ்ச தலை நிமிராம, "போறேன் மேடம்"னு மட்டும் சொன்னா. ஏன்னு கேட்டதுக்கு வாயே தொறக்கல. எனக்கே கோவம் வந்துச்சு, ரெண்டு முட்டை தின்ன புள்ளைக்கு இம்புட்டுத் திமிரான்னு நெனச்சேன்.

கெளம்புற அன்னைக்கு நான் அங்கதான் ஸ்பீக்கர் எறக்கிக்கிட்டிருந்தேன். மேடம் ஸ்டோர் ரூம்ல பந்துக்குக் காத்தடிச்சுக்கிட்டிருந்தாங்க. சுருளி பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசப்படியில வந்து நின்னா. நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. மேடம் திரும்பல. எங்க பக்கத்துல ஒரு பழக்கம், உங்க பக்கமும் அப்படித்தான் இருக்கும், யாரும் "போறேன்"னு சொல்லிட்டுப் போக மாட்டோம், "போயிட்டு வர்றேன்"னுதான் சொல்லுவோம், இருக்கிறவுக "போயிட்டு வா"ன்னு சொல்ற வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டோம். மாமியாரோட மல்லுக்கு நின்னுட்டுப் பொறந்த வீட்டுக்குப் போறவ கூட அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பா. அன்னைக்கு இவளுக்குத் தொண்டையில வார்த்தை வரல, அவங்களுக்குத் திரும்ப மனசு வரல, ரோட்டுல பஸ்காரன் ஆரன் அடிக்கிறான். "மேடம், ஒரு வார்த்தை"ன்னேன். "உன் வேலையப் பாரு தவமணி"ன்னாங்க. பந்து வீங்கி வெடிக்கிற அளவுக்குக் காத்தடிக்கிறாங்க. புள்ள போயிருச்சு.

அவ்வளவுதான் நடந்துச்சு. மறுநாள்ல இருந்து குதி மட்டும் இங்க இருந்துச்சு.

எங்க ஊரு எதையும் நாலு நாள் பாக்கும், அஞ்சாம் நாள் வேலைக்கு வச்சிக்கிடும். கம்பம் போற பஸ்ஸு டிரைவர் தெனம் சாயங்காலம் குதி கேட்டதும் வண்டிய எடுத்தாரு. நடக்கப் பிந்துன கொழந்தைகளத் தூக்கிட்டு வந்து, சத்தம் எறங்குற எடத்துல காலை ஊனி நிக்க வச்சாங்க, தரை அதிர்றதுல பயந்து ரெண்டு கொழந்தைக நெசமாவே நடந்துச்சு. மூக்கம்மா அக்கா, "குதிக்கு முன்னாடி வாங்குனாச் சூடு, பின்னாடி வாங்குனா ஆறிப்போனது"ன்னு கடலைக்கு விதி போட்டுச்சு. கல்யாண வீட்டுக்காரங்க பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டியாந்து அதுக்குப் பக்கத்துல நிறுத்திப் போட்டோ எடுத்தாங்க, போட்டோவுல புழுதிதான் விழுந்துச்சு, அதையும் சட்டம் போட்டு மாட்டுனாங்க. காலேஜு வாசல்ல யாரோ ஃபிளெக்ஸ் வச்சாங்க, சுருளி படம் போட்டு, "மண்ணை விட்டுப் போனாலும் குதியை விட்டுப் போகாத எங்கள் வீரமங்கை"ன்னு. விட்டுட்டுத்தான்யா போயிருக்கான்னு நான் சொன்னேன், யாரு கேக்குறா?

மேடம் அந்தப் பக்கம் பாக்கவே மாட்டாங்க. குதி வர்ற நேரத்துக்குச் சரியா ஸ்டோர் ரூமுக்குள்ள போயிருவாங்க. ஆனா டீமுக்கு ஆள் வேணுமே. மறுபடி ஸ்கூட்டியக் கெளப்பி, ஊர் ஊராச் சுத்தி, ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டுல அங்கயற்கண்ணிங்கிற புள்ளையக் கண்டுபுடிச்சாங்க. ஆறடிக்கு அரை விரக்கடைதான் கம்மி. கொடியில சேலை காயப்போட மத்தவுக கம்பெடுப்பாங்க, இவ கையாலயே போடுவா. ஆனா அதுதான் தொல்லை. எல்லாம் நின்ன எடத்துலயே எட்டுனதால, பொறந்ததுல இருந்து ஒரு தடவை கூடக் குதிக்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்ல. "குதிடி"ன்னா குதிகாலத் தூக்கிட்டுச் சிரிப்பா.

அவளுக்குக் குதிக்கச் சொல்லிக் குடுக்குறதுக்குள்ள மேட்ச் சீசன் வந்துருச்சு. உள்ளூர் மேட்ச்சு, சாயங்கால நேரம். எதிர் டீம் எறிஞ்ச பந்து ரிங்குல பட்டுத் தெறிக்குது, எல்லாரும் அண்ணாந்து நிக்கிறோம், புழுதி கெளம்புது, அந்தரத்துல பந்து டப்புனு ஒரு தட்டு வாங்கி நேரா அங்கயற்கண்ணி கையில வந்து உக்காருது! எதிர் டீம் கோச் கத்துறாரு, ரெஃப்ரி விசிலை வாயில வச்சுக்கிட்டு ஊதாம நிக்கிறாரு. பெறகு சொன்னாரு, "ஃபவுல் குடுக்கணும்னா ஆள் நம்பர் வேணும். நம்பர் இல்லாத குதிக்கு நான் எப்படி சார் ஃபவுல் குடுக்குறது?" மேட்ச் முடியிற வரைக்கும் குதி திரும்பத் திரும்ப வந்துச்சு, அன்னைக்கு ஜெயிச்சோம். அப்புறம் எங்க கோர்ட்டுல நடந்ததெல்லாம் ஜெயிச்சோம், வெளியூர்ல நடந்ததெல்லாம் தோத்தோம், ஏன்னா குதி பஸ் ஏற மாட்டேன்னுருச்சு. அதப்பத்தி எங்களுக்குக் கவலையே இல்ல. தை மாசம் எங்க ஊர் சுழற்கோப்பை எங்க கோர்ட்டுலதானே நடக்குது. இத்தனை வருசம் நடத்தி, கோப்பை ஒரு தடவை கூட எங்க ஊர்ல தங்குனதில்ல, வந்தவன்தான் தூக்கிட்டுப் போவான். இந்த வருசம் நம்மளுதுன்னு ஊரே மெதந்துச்சு.

அப்பத்தான் ஜெயசீலன் சாரு எனக்குப் போன் பண்ணுனாரு. மேடத்துக்குப் பண்ணப் பயம் போல.

"அண்ணே, அந்தப் புள்ள குதி அங்க இருக்கா?"

"இருக்கு சார், சௌக்கியமா இருக்கு."

"இங்க அது இல்லாமத் தவிச்சுப் போறா அண்ணே. ரெண்டு காலும் தரைய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. படியேறுறா, ஓடுறா, குதிக்கச் சொன்னா மட்டும் வேர் புடிச்ச மாதிரி நிக்கிறா. டாக்டர், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு. நான் எங்க ஆளுககிட்டக் கெஞ்சி இதுவரைக்கும் இழுத்துட்டேன். தை மாசம் உங்க ஊர் மேட்ச்சோட டீமை முடிவு பண்ணிருவாங்க. அதுலயும் குதிக்கலேன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு போயிரும், ஹாஸ்டலக் காலி பண்ணணும். மூணாம் வருசத்துப் பாதியில வேற எந்தக் காலேஜும் எடுக்க மாட்டான். டிகிரி அந்தரத்துல நின்னுரும் அண்ணே."

திராட்சைப் பந்தலுக்குக் கீழ அவ அம்மா முக்காலிய எடுத்து வச்சுக்கிட்டு நிக்கிறது கண்ணுல வந்துச்சு.

ஊருல சொன்னேன். கோர்ட்டுலயே கூட்டம் போட்டாங்க. "குடுத்துருவோம்யா, அந்தப் புள்ள பொருளு"ன்னு பாதிப் பேரு, "கோப்பை முடியட்டும், பெறகு குடுப்போம்"னு பாதிப் பேரு. விளையாட்டுக் குழுச் செயலாளர், "விட்டுட்டுப் போன பொருள் ஊருக்குச் சொந்தம்"னு சட்டம் பேசுனாரு. குடுக்கணும்னவங்களுக்கும் எப்படிக் குடுக்குறதுன்னு தெரியல. ஒருத்தர் போர்வைய விரிச்சுப் புடிக்கப் பாத்தாரு, போர்வை கிழிஞ்சிச்சு. சுருளியோட பழைய ஷூவ அந்த எடத்துல வச்சாங்க, குதி அதுக்குள்ளயே எறங்கி, மரியாதையா அதை விட்டுட்டுப் போயிருச்சு. மூக்கம்மா அக்காதான் கடலைய மடிச்சுக்கிட்டே சொல்லிச்சு, "இதுக்கு என்னத்துக்குப் போர்வையும் ஷூவும்? சொல்லிக்கிடாமப் போனதால நிக்கிது. மேடம் வாயத் தொறந்து போயிட்டு வான்னா அது பாட்டுக்குப் போயிரும்."

எல்லாரும் மேடத்தப் பாத்தோம். "அவ சொன்னாளா? ஏன் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்?"னு கேட்டுட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள போயிட்டாங்க. கதவு சாத்துன சத்தம் குதிச் சத்தத்த விடப் பெருசா இருந்துச்சு.

மார்கழியில ஒருநாள். காத்தே இல்ல. புள்ளைக பரீட்சைக்குப் போனதால கோர்ட்டக் கூட்ட ஆளில்லாம, மலையில இருந்து வந்த செம்மண் புழுதி சலிச்ச மாவு மாதிரி தரை பூராம் படிஞ்சு கெடந்துச்சு. மேடம் தொடப்பத்த எடுத்துக்கிட்டு வந்தாங்க, நேரத்தக் கவனிக்கல. கண்ணு முன்னாடியே "தொம்". புழுதி அடங்குனதும் தரையில ரெண்டு கால் தடம் தெரிஞ்சிச்சு. எடது தடம் பாதம் பூராம் ஆழமாப் பதிஞ்சிருக்கு. வலது தடம் பெருவிரல் மட்டும், பட்டும் படாம, கோழி கீறுனாப்ல.

மேடம் குனிஞ்சாங்க. பெறகு முட்டியப் புடிச்சுக்கிட்டுத் தரையிலேயே உக்காந்துட்டாங்க.

"தவமணி, இவ எப்ப இருந்து ஒத்தக் கால்ல எறங்குறா?"

"தெரியல மேடம். ஆள் இருந்தப்ப நாம மேலதானே பாத்துக்கிட்டிருந்தோம்."

"மாடிப்படிய ஒருக்களிச்சு எறங்குவா. சம்மணம் போட்டு உக்கார மாட்டா. வெக்கம்னு நெனச்சேன்டா." அவங்க கை தன்னோட எலாஸ்டிக் பட்டை மேல போச்சு, பெறகு சிமெண்டு மேல போச்சு. அங்கயே வச்சு ரொம்ப நேரம் தடவிக்கிட்டிருந்தாங்க. "இந்தத் தரைதான். எனக்குப் பண்ணதையே அவளுக்கும் பண்ணிருக்கு. அங்க மரத்தரை. அதுக்குத்தான் போயிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

மூக்கம்மா அக்கா வாசல்ல இருந்தே, "எப்படிச் சொல்லும்? நீ இந்தத் தரைக்குத் தண்ணி ஊத்துன கதைய ஊரே அந்தப் புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கு. உன் தரை ஆகலேன்னு உன் மூஞ்சிக்கு நேரா எந்தப் புள்ள சொல்லும்?"னுச்சு.

மேடம் அழுதாங்க. ஸ்டேட் மேட்ச் தோத்தப்ப கூட விசிலக் கடிச்சுக்கிட்டு நின்னவங்க, மூக்கச் சிந்தி முந்தானையில தொடச்சு அழுதாங்க. போன் போடுறீங்களான்னு கேட்டேன். "போன்ல சொல்ற வார்த்தையாடா அது? அவ நின்ன மாதிரி நானும் போயி நின்னு சொல்லணும். தையில இங்கதானே வர்றா"ன்னாங்க. தடத்த மட்டும் கூட்டாம, சுத்திக் கூட்டிட்டுப் போனாங்க.

தை பொறந்துச்சு. அன்பான பொதுமக்களே, பாறைப்பேட்டை சுழற்கோப்பை இறுதி ஆட்டம், ஒரு பக்கம் நம்ம காலேஜு, மறுபக்கம் கோயமுத்தூர்! மரத்துல ஆளு, மாடியில ஆளு, காம்பவுண்டு சுவர்ல கால் வைக்க எடமில்ல. சுருளி அவங்க பெஞ்சுல ஓரத்துல உக்காந்திருந்தா, சட்டையில நம்பர் இருந்துச்சு, முகத்துல ரத்தமில்ல. கூட்டம் அவளைப் பாத்து, "உன் குதி எங்ககிட்ட பத்திரமா இருக்குத்தா"ன்னு கத்துச்சு, பாசமாத்தான் கத்துச்சு, அவ இன்னும் சுருங்கிப் போனா. மேடம் ஆட்டத்துக்கு முன்னாடியே சுருளிகிட்டப் போகப் பாத்தாங்க. செயலாளரும் அவரு ஆளுகளும் மாலை போடுற சாக்குல வழிய மறிச்சுக்கிட்டு விடவே இல்ல.

ஆட்டம் ஆரம்பிச்சு, வெயில் மலைக்குப் பின்னால எறங்கவும் குதி வந்துச்சு. வந்து எங்களுக்காக ஆடுச்சு. அவங்க எறிஞ்சு தவறுன பந்தெல்லாம் அந்தரத்துல தட்டு வாங்கி அங்கயற்கண்ணி கைக்கு வந்துச்சு. நானும் தொண்டை கிழியக் கத்துனேன். ஆனா நல்லாப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் எடது பக்கம் புழுதி கூட, வலது பக்கம் கம்மி. அதப் பாத்த பெறகு என்னால முன்ன மாதிரி கத்த முடியல. கடைசி நிமிசம். நாங்க ஒரு பாயிண்டு முன்னால. பந்து அவங்க கையில. இந்த ஒரு பந்த எங்க குதி தட்டிருச்சுன்னா கோப்பை எங்க ஊர்ல தங்கும், சுருளி பெஞ்சுலயே இருந்து ஊருக்குப் போயிருவா.

மேடம் டைம் அவுட் கேட்டாங்க.

எங்க புள்ளைக சுத்தி நின்னு காதைத் தீட்டிக்கிட்டிருக்காங்க, மேடம் அவங்களைத் தாண்டி நடக்குறாங்க. நடுக்கோட்டத் தாண்டுறாங்க. முட்டிய இழுத்து இழுத்து, தான் வளத்த தரை மேலயே நடந்து, எதிர் டீம் பெஞ்சுக்கு முன்னாடி போயி நிக்கிறாங்க. ஊரு மூச்சு விடல. செயலாளர் என் மைக்கப் புடுங்க வந்தாரு, நான் குடுக்கல. சுருளி எந்திரிச்சு நின்னா.

நின்னாங்க, நின்னாங்க. இந்தத் தடவை மேடம்தான் வார்த்தை வராம நின்னாங்க.

பெறகு கேட்டாங்க, "முட்டி எப்படி இருக்கு?"

புள்ள ஓன்னு அழுதுருச்சு. "தெரிஞ்சிருச்சா மேடம்? போயி இவ்வளவு நாளாச்சு, குதிக்கவே முடியலையே, வேலையே இல்லாம முட்டி அது பாட்டுக்கு ஆறிப்போச்சு மேடம். இப்ப வலியே இல்ல. குதிதான் இல்ல."

"சொல்லிருக்கலாம்ல கழுதை."

"உங்க கோர்ட்டு மேடம்."

"கோர்ட்டு கெடக்கு, சிமெண்டு. இன்னொண்ணு போட்டுக்கிடலாம். முட்டிய அப்படி மாத்த முடியுமா?" மேடம் அவ தலையில கை வச்சாங்க. "போயிட்டு வா."

"போயிட்டு வர்றேன் மேடம்."

ரிங்குக்குக் கீழ புழுதி ஒரு சுத்து சுத்திக் கெளம்புச்சு, கோர்ட்டுக் குறுக்கால ஒரு காத்து மாதிரி வந்து, பெஞ்சுக்குக் கீழ அடங்கிருச்சு. நான் பாத்தேன். சுருளியோட குதிகால் தானாத் தூக்குச்சு, மறுபடி எறங்குச்சு. ஜெயசீலன் சாரு அவ தோள்ல கெடந்த துண்ட வாங்கிக்கிட்டு, ஆள் மாத்துறதுக்குக் கையக் காட்டுனாரு.

விசில். பந்து சுத்துது, சுத்துது, தூரத்துல இருந்து ஒருத்தி எறியுறா, ரிங்குல பட்டு மேல எகிறுது. ஊரே வழக்கம்போல ஆளில்லாத எடத்தப் பாக்குது. அங்க ஒண்ணுமில்ல. சுருளி கெளம்புறா, அந்தச் சின்னத் தயக்கம், அந்த ஒரே தூக்கு! அப்ப, நம்ம அங்கயற்கண்ணி, தட்டிக் குடுக்க ஆளில்லேன்னு கண்டதும், அண்ணாந்து பாத்து, பல்லைக் கடிச்சு, வாழ்க்கையில மொதத் தடவையா அவளும் தரைய விட்டுப் போறா! ரெண்டு பேரும் மேல. புதுசு விரல் நுனி பந்துல பட்டுச்சு, சத்தியமாப் பட்டுச்சு, ஆனா மேல போயி ஒரு நொடி நிக்கத் தெரிஞ்சது பழசுக்குத்தானே? எடுத்து, அங்கயே திருப்பி, நெட்டுக்குள்ள எறக்கிட்டா.

நாங்க தோத்தோம். நான் என்ன கத்துனேன்னு எனக்கு நெனப்பில்ல. "வந்துவிட்டது, வந்துவிட்டது, குதி வீடு வந்து சேர்ந்துவிட்டது"ன்னு கத்துனேனாம், அழுதுக்கிட்டே கத்துனேனாம், மலையில முட்டித் திரும்பி வந்துச்சாம். பெறகு ஒருத்தர் பெருமூச்சு விட்டாரு, அடுத்தவரு விட்டாரு, ஊர் மொத்தமும் மூச்சை விட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அத்தனை மாசமா அடுத்தவுக பொருள மடியில கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம்னு அப்பத்தான் எல்லாருக்கும் ஒறைச்சுச்சு. கோப்பையத் தூக்கி வேன்ல வச்சுக் குடுத்ததே எங்க செயலாளர்தான்.

கம்பம் பஸ்ஸு டிரைவர் இப்ப கடிகாரம் வாங்கிட்டாரு. ரிங்குக்குப் பக்கத்துல மேடம் ஆத்து மணல் கொட்டி வச்சிருக்காங்க, அங்கயற்கண்ணி அதுலதான் குதிச்சுப் பழகுறா, மேடம் இப்ப மேல பாக்குறதே இல்ல, மணலைத்தான் பாக்குறாங்க. வேற காலேஜுக்கு மாறிப் போற புள்ளைக யாரானாலும் சரி, ஸ்டோர் ரூம் வாசப்படியில சொல்லிக்கிட்டு, வாசல்ல ரெண்டு காலையும் சேத்து ஒரு குதி குதிச்சுக் காட்டிட்டுத்தான் பஸ் ஏறணும், எதையும் விட்டுட்டுப் போகலேன்னு ஊருக்குத் தெரியணும். நான் மைக்குல போயிட்டு வான்னு சொல்லுவேன். அதுக்கு வாடகை வாங்குறதில்ல.

ஆனா அந்த வழக்கத்த ஆரம்பிச்சு வச்சது அன்னைக்குச் சாயங்காலம் மேடம்தான். வேன் கெளம்ப நிக்குது, சுருளி படியில ஒரு கால வச்சிட்டா. "ஏய், நில்லு. குதிச்சுக் காட்டிட்டு ஏறு"ன்னாங்க. புள்ள எறங்கி வந்து, மூக்கம்மா அக்கா வண்டிக்கு முன்னாடி, செம்மண்ணுல, எல்லாரும் பாக்கக் குதிச்சா. மேல போனவளை ஒருத்தரும் பாக்கல. ஊரு மொத்தமும் குனிஞ்சு நின்னுச்சு. அவ எறங்குனதும் மேடம் முட்டிய ஊனிக் குனிஞ்சு, எடது தடத்துல ஒரு விரல விட்டுப் பாத்தாங்க, வலது தடத்துல விட்டுப் பாத்தாங்க. விரல்ல மண்ணு ரெண்டு தடவையும் ஒரே கணுவுலதான் நின்னுச்சு.

"சரி, ஏறு"ன்னாங்க.